நிலத்தில் காய்த்த பேரிக்காய்

அலோய்ஸ் ஃபெல்ட்கென் எதற்கும் கோபப்படாத மனிதர். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், கோபப்பட ஆரம்பித்திருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். பின் சீட்டில் ஒருவன் இன்னொருவன் தொப்பியை ஜன்னல் வழியே எறிவான், ஒருத்தி வாந்தி எடுப்பாள். அவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீட்டி அடித்தபடி வண்டியை ஓட்டுவார். ஆனால் அவர் காதுபட யாராவது உருளைக்கிழங்கைக் 'கார்ட்டாஃபல்' என்று சொல்லிவிட்டால் போதும், மனிதருக்குச் சாமி வந்துவிடும்.

"கார்ட்டாஃபல் ஜெர்மன்காரன் தின்கிறது. நாம தின்கிறது க்ரொம்பெர். உலகத்துல வேற எவன் வாயிலயும் இந்த வார்த்தை கிடையாது. இந்த மண்ணுல முளைச்சது!" என்று மேஜையைத் தட்டுவார். லக்சம்பர்க்காரனாகப் பிறந்த எவனுக்கும் இது கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். எங்கள் மொழி ஜெர்மனின் கொச்சை என்று எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெர்மன்காரர்கள் சொல்லிச் சொல்லி, எங்களுக்கும் காது புளித்துப் போயிருந்தது. அதனால் எங்கள் ஊர் ரெண்டல்பாக்கில் யாரும் அலோய்ஸை மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசாதது எங்கள் தப்பு என்று பிறகு புரிந்தது.

அவருக்கு இந்த வீராப்பு அம்மா வழியாக வந்தது. யுத்த காலத்தில் ஜெர்மன் அதிகாரி ஒருவன் வீடு வீடாகத் தானியம் பிடுங்க வந்தபோது, அப்போது சின்னப் பெண்ணாக இருந்த அலோய்ஸின் அம்மா வாசலில் நின்றாராம். "கார்ட்டாஃபல் இருக்கா?" என்று அவன் கேட்க, "அப்படி ஒண்ணு எங்க ஊர்ல விளையறதே இல்லையே" என்று கண்ணை அகல விரித்துச் சொன்னாராம். கீழே நிலவறை நிறைய கிழங்கு. அவன் நம்பித் திரும்பிப் போய்விட்டான் என்பது அலோய்ஸ் சொல்லும் கதை. அவன் நிலவறையைத் திறந்து பாதியை அள்ளிக்கொண்டு போனான் என்பது அவருடைய அக்கா கெட்டி சொல்லும் கதை. இரண்டு பேருக்கும் அம்மா ஒருவர்தான். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு வாழ்கிறார்கள். சுவர் மெல்லிசு, கெட்டியின் காது அதைவிடக் கூர்மை.

தன் கொள்கைக்கு எதிராக எந்தச் சாட்சி வந்தாலும் அதற்கு அலோய்ஸிடம் பதில் தயாராக இருக்கும். ஒருமுறை பாலத்தைத் தாண்டிப் போய் ஜெர்மன் பக்கத்து ஓட்டலில் வேண்டுமென்றே "க்ரொம்பெர் கொண்டா" என்றார். வயதான சர்வர் கொஞ்சமும் திகைக்காமல், "வறுத்ததா, வேகவெச்சதா?" என்று கேட்டார். அலோய்ஸுக்குக் கொஞ்ச நேரம் சாப்பாடு இறங்கவில்லை. வீடு திரும்பும்போது சமாதானமாகிவிட்டார். "அவனோட அம்மா நம்ம ஊர்க்காரியா இருந்திருப்பா" என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

இந்த மனிதரின் நிம்மதியைக் கெடுத்தது ரபியா.

ரபியா மாண்டினீக்ரோ மலைப்பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் புருஷனோடு வந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தார். புருஷன் எங்கள் பேண்டு வாத்தியச் சங்கத்தில் டிரம்பெட் ஊதினார். அவர் இறந்த பிறகும் ரபியா சங்கத்தை விடவில்லை. வியாழக்கிழமை ஒத்திகை முடிந்ததும் காபி போட்டுக் கொடுப்பார், யார் எந்தச் சுரத்தைக் கோட்டை விட்டார்கள் என்று சிரித்தபடியே சொல்லுவார். பெரும்பாலும் கோட்டை விட்டது அலோய்ஸ் ஊதும் பெரிய பித்தளை வாத்தியம் ட்யூபாவாகத்தான் இருக்கும். அலோய்ஸின் மனைவி மார்கோவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒத்திகை முடிந்து இருவரும் ஆற்றோரமாகப் பாலம் வரை சேர்ந்து நடப்பார்கள். பாலத்தருகே ரபியா வலப்பக்கம் திரும்புவார், அலோய்ஸ் இடப்பக்கம். அந்தக் கால்மணி நேர நடைக்காகத்தான் அலோய்ஸ் வாரம் முழுக்கக் காத்திருந்தார். அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

செப்டம்பரில் ஊர்த் திருவிழா. பேண்டு சங்கத்தின் கடை எப்போதும் உருளைக்கிழங்கு அடைக் கடைதான். கிழங்கைத் துருவி, வெங்காயமும் பார்ஸ்லித் தழையும் முட்டையும் போட்டுப் பிசைந்து, எண்ணெயில் தட்டிப் பொரித்து, ஆப்பிள் மசியலோடு கொடுப்போம். சட்டிக்குப் பொறுப்பு அலோய்ஸ். துருவலுக்குப் பொறுப்பு ரபியா. அவர் துருவினால் அடை ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும். வேறு யார் துருவினாலும் களிதான்.

அன்று வரிசை கடைத்தெரு வரை நின்றது. தொட்டியில் கிழங்கு தீர்ந்து போனது. ரபியா தன் மகள் அல்மாசாவைப் பார்த்து, "அடியே, வேன்ல இருந்து இன்னொரு மூட்டை க்ரொம்பிர் இறக்குடி!" என்று கூப்பாடு போட்டார். அலோய்ஸின் முகம் பூரித்துவிட்டது.

"பார்த்தீங்களா ரபியா, நம்ம வார்த்தையை எவ்வளவு அழகாக் கத்துக்கிட்டீங்க! உச்சரிப்புதான் கொஞ்சம் முரடு. அது போகப் போகச் சரியாயிடும்."

ரபியா துருவியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "இதை நான் இங்க வந்து கத்துக்கலை, அலோய்ஸ். எங்க அம்மா தோட்டத்துல தோண்டி எடுத்ததே க்ரொம்பிர்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு அந்தப் பேரு."

"அது எப்படி இருக்க முடியும்?"

"எப்படின்னு எனக்கென்ன தெரியும்? இருந்துச்சு."

அங்கே விட்டிருக்க வேண்டும். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, ஜனம் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அலோய்ஸ் யோசித்தார். அவர் யோசிக்கும்போதுதான் ஆபத்து.

"புரிஞ்சுபோச்சு! உங்க ஊர்க்காரன் எவனாவது அந்தக் காலத்துல இங்க வேலைக்கு வந்திருப்பான். திரும்பிப் போறப்போ நம்ம வார்த்தையைப் பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்."

ரபியா துருவியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நாங்க இந்த ஊருக்கு வந்தப்போ எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதுல எதையும் திருடிக்கிட்டு வரலை, திருடிக்கிட்டுப் போகவும் இல்லை. எங்க அம்மா வாயில இருந்தது திருட்டுச் சரக்குன்னு சொல்றீங்க. அது எங்களோடதுதான்னு அதே வாயால நீங்க சொல்ற வரைக்கும் உங்க சட்டிக்கு நான் கிழங்கு துருவ மாட்டேன்."

ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மீதிக் கிழங்கை அலோய்ஸே துருவினார். அதில் கிழங்கு பாதி, அவர் விரல் தோல் பாதி. அடை கூழாக வந்தது. தின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

அன்றிலிருந்து ஒத்திகை முடிந்ததும் ரபியா தேவாலயத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அது தூரம் கூடுதல், மேடு வேறு. அலோய்ஸ் ட்யூபாவைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆற்றோரம் நடந்தார். பாலத்தருகே வழக்கம்போல் நிற்பார். விடைபெற ஆள் இருக்காது. அக்டோபர் போனது, நவம்பர் போனது. ட்யூபா முன்பைவிட மோசமாக ஊளையிட்டது.

"போய் மன்னிப்புக் கேளுடா, மடையா" என்றார் கெட்டி.

"தப்பு என் மேல இருந்தா கேட்பேன், அக்கா. தப்பா இல்லையான்னே இன்னும் தெரியலையே."

"உனக்கு அவ வேணுமா, வார்த்தை வேணுமா?"

அலோய்ஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ரெண்டும் வேண்டும் என்று அக்காவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில், பிப்ரவரியில், அல்மாசாவைத் தேடிப் போனார். அல்மாசா இப்போது ஊர்ப் பள்ளியில் டீச்சர், கல்லூரியில் மொழி படித்தவள். அலோய்ஸின் பஸ்ஸில் வாந்தி எடுத்த அந்த ஒருத்தி இவள்தான். அந்தக் கடனை மனதில் வைத்தோ என்னவோ, கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்தாள்.

"மாமா, நிஜத்தைச் சொல்லவா, இல்லை உங்க மனசு கோணாம சொல்லவா?"

"நிஜத்தையே சொல்லும்மா. கொஞ்சம் மெதுவாச் சொல்லு."

"க்ரொம்பெர்ங்கிறது ரெண்டு வார்த்தை ஒட்டினது. முன்பாதிக்கு நிலம்னு அர்த்தம். நாம கூட நிலத்துக்கு க்ரோண்ட்னுதானே சொல்றோம். பின்பாதி பேரிக்காய். நிலத்தில் காய்த்த பேரிக்காய். உருளைக்கிழங்கு புதுசா வந்தப்போ இதை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம ஜனங்க வெச்ச பேரு."

"நல்ல பேருதானே" என்றார் அலோய்ஸ். முகம் தெளிந்தது. "நம்ம ஆளுங்க வெச்சது."

"நம்ம ஆளுங்க மட்டும் இல்லை, மாமா. ஜெர்மனியோட தென்பக்கம், ரைன் ஆத்தோரம், ஆஸ்திரியா, எல்லா இடத்துலயும் நாட்டுப்புறத்தான் இதைத்தான் சொன்னான். அங்கிருந்து டான்யூப் வழியா எங்க பக்கம் இறங்கிச்சு. எங்க வாயில க்ரொம்பிர். ஹங்கேரிக்காரன் வாயில க்ரும்ப்ளி. நீங்களும் எங்க அம்மாவும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றீங்க. ரெண்டு பேருமே யார்கிட்டயும் திருடலை."

அவருக்கு மலைக்காரர்கள் சொன்னது வலிக்கவில்லை. ஜெர்மன்காரன் சொன்னதுதான் வலித்தது. மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்போ க்ரொம்பெர் ஜெர்மன் வார்த்தையா?"

"வேரு ஜெர்மானிய வேருதான். அதுலயும் நிலம்தான் சுத்தமான ஜெர்மானியம். பேரிக்காய் அதுக்கும் முன்னாடி ரோமாபுரிக்காரன்கிட்ட வாங்கினது."

"பாதி ரோமாபுரிச் சரக்கு வேறயா!"

"அது கிடக்கட்டும் மாமா, கார்ட்டாஃபல் எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க."

"அந்தக் கண்றாவி எங்கிருந்து வந்தா எனக்கென்ன?"

"இத்தாலிக்காரன்கிட்ட இருந்து. மண்ணுக்குள்ள ஒரு காளான் விளையும் பாருங்க, பன்னியை விட்டுத் தேடுவானே, அதுக்கு அவன் சொல்ற பேரை ஜெர்மன்காரன் திரிச்சுத் திரிச்சுக் கார்ட்டாஃபல் ஆக்கினான்."

அலோய்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். யுத்த காலத்து வாசல் அவர் கண் முன்னால் வந்து நின்றது. பூட்ஸ் போட்ட அதிகாரி, கண்ணை விரித்துக்கொண்டு நிற்கும் அம்மா.

"அப்படின்னா... அன்னைக்கு அந்த ஜெர்மன் அதிகாரி பேசினது இத்தாலியன். அவனை எதிர்த்து நின்ன எங்க அம்மா பேசினதுதான் ஜெர்மன்."

"அப்படித்தான் ஆகுது, மாமா" என்றாள் அல்மாசா. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். அலோய்ஸும் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. அது எந்த வகை நீர் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் அன்று பூராவும் அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. இனி ரபியாவிடம் போய்ச் சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இருந்தது. வெறுங்கையோடு போவது அவர் வழக்கமில்லை. சம்பிரதாயம் எல்லாம் தெரிந்த மனிதர். கல்யாணத்துக்கு யார் எங்கே நிற்பது, குளிரை விரட்ட ஊர் கூடி எரிக்கும் வசந்தகால நெருப்பை யார் மூட்டுவது, எல்லாவற்றுக்கும் ஊர் அவரைத்தான் கேட்கும். அவருக்குத் தோதாக ஒரு நாளும் வந்தது: ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் பிரெட்ஸெல் ஞாயிறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்பிள்ளை தனக்குப் பிடித்தவளுக்கு ஒரு பிரெட்ஸெல் கொடுப்பான். பெரிய கைமுறுக்கு போல முறுக்கி, மேலே சர்க்கரைப் பாகும் பாதாமும் தூவிய ரொட்டி. பெண்ணுக்கு இஷ்டம் என்றால் ஈஸ்டர் அன்று ஒரு முட்டையைத் திருப்பிக் கொடுப்பாள். இஷ்டமில்லை என்றால் முட்டைக்குப் பதில் வெறும் கூடையை நீட்டுவாள். வாய் திறந்து கேட்க முடியாத எங்கள் ஜாதி ஆண்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது.

பேக்கரியில் இருந்ததிலேயே பெரிய பிரெட்ஸெலை எடுத்தார் அலோய்ஸ். பேக்கரிக்காரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து, "யாருக்கு, அலோய்ஸ் அண்ணே?" என்று கேட்டாள். "எனக்குத்தான். பசி" என்று பொய் சொன்னார். அவள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்தப் பொய்தான் அவரைக் கவிழ்த்தது.

ரபியாவின் வீடு தேவாலயத்துக்கு நேர் எதிரே. பூசை முடிந்து ஜனம் வெளியே வந்து நின்று பேசிக்கொண்டிருந்த நேரம். அலோய்ஸ் நல்ல கோட்டு போட்டு, தலையைப் படிய வாரி, பிரெட்ஸெலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஊர் பார்க்க நடுத்தெருவில் நடந்து போனார். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனார். ஒருவர் விடாமல் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். இருக்கட்டும், பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினார். மணியை அழுத்தினார். கதவு திறந்தது. ரபியா நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து கெட்டியின் குரல் வந்தது.

"டேய் அலோய்ஸ்! இது லீப் வருஷம்டா!"

லீப் வருடத்தில் முறை தலைகீழ். பெண்தான் பிரெட்ஸெல் கொடுக்க வேண்டும், ஆண் முட்டையோடு காத்திருக்க வேண்டும். பிப்ரவரி இருபத்தொன்பது போன வாரம்தான் போயிருந்தது. அன்று அலோய்ஸ் காலண்டரைப் பார்த்து, நாலு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற நாள் என்று பேக்கரிக்காரிக்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தவர். தேவாலய வாசலில் முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு மொத்த பேண்டு சங்கமும் சிரித்தது. டிரம் அடிக்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மனப்பாடம் செய்த வாக்கியம் அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"ரபியா... நான்..."

"இந்த வருஷம் கொடுக்கிற முறை எங்களோடது, அலோய்ஸ்."

"தெரியும். இல்லை, தெரியாது. மறந்துட்டேன்."

ரபியா அவரையும் பிரெட்ஸெலையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, கொண்டாங்க. நாளைக்கு எங்களுக்கு நோன்பு ஆரம்பம். இன்னைக்கே சாப்பிட்டு முடிக்கணும், இல்லைன்னா காய்ஞ்சு போயிடும்." வாங்கிக்கொண்டார். கதவு மூடியது.

அலோய்ஸ் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். கேலி செய்தவர்கள் செய்துவிட்டுப் போகட்டும், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே. இனி அந்தக் கதவு திறக்குமா? வியாழக்கிழமைகள் இப்படியே போய், ட்யூபாவோடு தனியாக நடந்து நடந்தே கிழவனாகிச் செத்துப் போகப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மதியம் மணி அடித்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தார். கெட்டி நின்றார், கையில் உள்ளங்கை அளவு ஒரு பிரெட்ஸெல்.

"லீப் வருஷத்துல என் தம்பிக்கு ஒருத்தி கூடக் கொடுக்கலைன்னு ஊர் பேசக் கூடாது பாரு."

"அக்கா, தயவு செஞ்சு போயிடு."

"தின்னுடா. பாதாம் கூடப் போட்டிருக்கு."

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி மணி அடித்தது. அக்காதான், அடுத்து என்ன கொண்டுவந்தாளோ என்று முனகியபடி மெதுவாகப் போய்த் திறந்தார். ரபியா நின்றார். கையில் துணி போட்டு மூடிய பெரிய தட்டு, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து தட்டை மேஜையில் வைத்துத் துணியை எடுத்தார். ரபியாவின் ஊரில் மாவைக் காகிதம்போல் மெல்லிசாக இழுத்து, உள்ளே பூரணம் வைத்து, நீளமாகச் சுருட்டி, வட்டமாக வளைத்துச் சுடுவார்கள். இதை அவர் வட்டமாக வளைக்கவில்லை. பிரெட்ஸெல் போல முறுக்கியிருந்தார்.

"முறை எங்களோடதுன்னு சொன்னேன் இல்லையா? கொண்டு வந்துட்டேன். உள்ள என்ன வெச்சிருக்கேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அலோய்ஸ் ஓரத்தைக் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டார். மிளகுக் காரம், வெங்காயம், நெய், உள்ளே வெண்ணெயாகக் கரையும் கிழங்கு. அவர் பிறந்ததிலிருந்து அந்தக் கிழங்கை ஒரே ஒரு பேரால்தான் அழைத்திருக்கிறார்.

இப்போது ரபியாவின் உச்சரிப்பிலேயே, "க்ரொம்பிர்" என்றார்.

"காதுல விழலை."

"க்ரொம்பிர்! போதுமா? அது உங்க வார்த்தை, ரபியா. உங்க அம்மா தோட்டத்து வார்த்தை. எவனும் பெட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போகலை. எங்க வார்த்தையும் அதுவும் கூடப் பொறந்தது. நான் சொன்னதுதான் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். காலையிலயாவது சொல்லியிருக்கணும்."

"எனக்குக் கேட்டுச்சுடா!" என்றது சுவர்.

ரபியா சிரித்தார். செப்டம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அலோய்ஸ் இப்போதுதான் பார்க்கிறார். அலோய்ஸ் விறுவிறுவென்று போய்ப் பிரிட்ஜைத் திறந்தார். இருந்தது ஒரே ஒரு முட்டை. வேகவைக்காதது, சாயம் பூசாதது, ஓட்டில் கோழிப்பண்ணை முத்திரை வேறு. அதை எடுத்துவந்து ரபியாவின் முன்னால் நீட்டினார்.

"முட்டை ஈஸ்டருக்குத்தானே கொடுக்கணும்?" என்றார் ரபியா. "ஊருக்கே சம்பிரதாயம் சொல்ற ஆளு நீங்க."

"ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. நான் கிழவன், ரபியா. இன்னும் மூணு வாரம் தனியா நடக்க எனக்குத் தெம்பில்லை."

ரபியா முட்டையை வாங்கினார். பிரிட்ஜில் இருந்த குளிர் போக இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை நோன்பு திறந்துட்டு ஒத்திகைக்கு வர்றேன். முடிஞ்சதும் ஆத்தோரமாவே போகலாம். அந்த மேட்டுல ஏறி ஏறி என் முழங்கால் போயிடுச்சு."

ரபியா கிளம்பும்போது தெரு முழுக்க ஜன்னல் திரைகள் அசைந்தன. வேகாத முட்டையைக் கோட்டுப் பையில் போட்டால் உடைந்துவிடும் என்று, வீடு போய்ச் சேரும் வரை அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நடந்தார்.